எஞ்சினுக்குள் யார் தட்டுகிறார்கள்?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எஞ்சின் தட்டும் ஓசையைப் பற்றியும் பழுதான ஸ்பார்க் பிளக்குகளைப் பற்றியும் கேட்டிருந்தமையால், ஏனைய வினாக்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் மீண்டும் வருவதற்கு 2025 பெப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்ததால், கையிலிருந்த காரையே பேணிக்கொண்டவர்கள் நம்மில் அதிகம். கடிதங்களின் தொகைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: வெள்ளவத்தையில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வசிக்கிறேன். 2012 இல் தயாரான, 1,300 சிசி கொண்ட ஜப்பானிய ஓட்டோ கியர் கார் என்னிடம் உண்டு. நிலக்கீழ்த் தரிப்பிடத்திலிருந்து சரிவுப் பாதையில் ஏறும்போது, தகரப் பேணிக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை கேட்கிறது. கண்டிக்குச் சென்றபோது கடுகண்ணாவ ஏற்றத்திலும் கேட்டது. காலி வீதியில் கேட்பதில்லை. மூன்று கராஜ்களில் காட்டினேன். ஒருவர் பிளக் மாற்றச் சொன்னார், மற்றவர் 95 ஒக்டேன் அடிக்கச் சொன்னார், மூன்றாமவர் எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெருந்தொகையைக் கூறினார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: மூன்றாமவரின் யோசனையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். ஏற்றத்தில் மட்டும் எழுந்து சமதரையில் மறையும் கூர்மையான கிலுகிலுப்பு, பெரும்பாலும் எஞ்சினின் உறுப்பொன்று தளர்ந்ததால் வருவதன்று. சிலிண்டருக்குள் பெற்றோல் எரியும் முறை பிசகுவதால் வருவது. பிளக் பொறி தட்டியதும் அதைச் சுற்றியுள்ள பெற்றோல் கலந்த காற்று பற்றிக்கொண்டு, தீ ஓர் அலையாகச் சிலிண்டரின் ஓரங்களுக்குப் பரவ வேண்டும். அந்த அலை வந்து சேருமுன்பே, ஓரத்தில் எஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாகவே ஒருசேரப் பற்றிக்கொண்டால், சிலிண்டருக்குள் அழுத்தம் மணியடித்தாற்போல் அதிர்கிறது. சாதாரண கார் எஞ்சின்களில் இந்த அதிர்வு செக்கனுக்கு ஏறத்தாழ 6,000 முதல் 7,000 தடவை நிகழ்வதால்தான், நம் காதுக்கு அது கனத்த தட்டலாக அன்றி உலோகக் கிலுகிலுப்பாகக் கேட்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பாரத்தை ஏற்றி எக்ஸிலேற்றரை ஆழ மிதிப்பதே இதற்கு மிகவும் வாய்ப்பான வேளை என்பதால், தங்கள் வீட்டுச் சரிவுப் பாதையைவிடச் சிறந்த சோதனைக்கூடம் கிடைக்காது.

அடுத்த முறை ஏறும்போது எக்ஸிலேற்றரைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். ஓசை அந்தக் கணமே அடங்கினால் நான் சொன்ன வகையாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. பின்னர் கியர்த் தண்டை எல் அல்லது எஸ் என்னும் இடத்துக்கு நகர்த்தி, எஞ்சின் வேகமாகச் சுற்றும்படி செய்து, அதே சரிவில் அதே வேகத்தில் ஏறுங்கள். அப்போதும் ஓசை குறைந்தால் ஐயம் இன்னும் தெளியும். மாறாக, காரை நிறுத்திவைத்து, கியரில் இடாமல் எஞ்சினை முறுக்கும்போதும் குறிப்பிட்ட ஒரு சுழற்சியில் அதே சலசலப்பு எழுமானால், புகைபோக்கியின் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு துருவேறி ஆணி கழன்றிருக்கிறதா என்று கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் அந்தத் தகடு முதலில் துருப்பிடிப்பது வியப்பன்று. அதற்கு எஞ்சினை இறக்கத் தேவையில்லை, ஒரு கிளிப் போதும்.

இரண்டாமவர் கூறிய 95 ஒக்டேன் பெற்றோல் (தானாகப் பற்றிக்கொள்ளாமல் 92 ஐவிடக் கூடுதலாகப் பொறுத்திருப்பது), மருந்தாக அன்றிச் சோதனையாக நல்ல யோசனை. தாங்கியில் பெற்றோல் ஏறக்குறைய முடியும் தறுவாயில் 95 நிரப்பி, அதே சரிவில் இரண்டு மூன்று நாட்கள் ஏறிப் பாருங்கள். ஓசை நின்றுவிட்டால் அது எரிதலின் பிசகு என்பது உறுதியாகும். ஆனால், 92 இல் பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய எஞ்சின் இன்று ஏன் அதைத் தாங்க மறுக்கிறது என்ற வினா அப்படியே நிற்கும். அதற்கு விடை தேடாமல் வாழ்நாள் முழுவதும் 95 அடித்துக்கொண்டிருப்பது, காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் தினமும் பனடோல் விழுங்குவதற்கு ஒப்பானது.

காரணங்களில் முதலில் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கானரை இணைத்து, நெரிசலில் ஏசி இயங்கும்போது எஞ்சின் நீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது, றேடியேற்றர் விசிறி உரிய நேரத்தில் சுழல்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள்; டாஷ்போர்டிலுள்ள முள்ளோ விளக்கோ பத்துப் பாகை வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்காது. அடுத்தது கார்பன். நெரிசலில் ஊர்ந்தே வயதான எஞ்சின்களில் பிஸ்டனின் தலையிலும் வால்வுகளிலும் கார்பன் படிந்து, எரியறையின் இடத்தைச் சுருக்கி அழுத்தத்தைக் கூட்டுவதோடு, தணலைப் போலச் சூட்டையும் பிடித்து வைத்திருக்கும். காற்றளவை உணரும் சென்சர் அழுக்கடைந்து கலவையில் பெற்றோல் குறைந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் ஈஜீஆர் வழி அடைபட்டாலும் இதே ஓசை எழும். எஞ்சின் உடலில் திருகப்பட்டிருக்கும் நொக் சென்சர் என்னும் சிறு உறுப்பு, இந்த அதிர்வைக் கேட்டவுடன் பொறி தட்டும் நேரத்தைக் கணினி பின்தள்ளுவதற்கென்றே இருக்கிறது. அது பழுதானால் ஸ்கானரில் பி 0325 போன்ற குறியீடு தோன்றக்கூடும். அதனை உரிய இறுக்கத்தில் பொருத்தாவிட்டாலும் அதன் செவி மந்தமாகிவிடும் என்பதால், அண்மையில் எவராவது அந்தப் பக்கம் கழற்றிப் பூட்டினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

பிளக்கை மாற்றச் சொன்னவர் முழுவதும் தவறானவர் அல்லர். எனினும் கழற்றிய பிளக்கைக் குப்பையில் எறியுமுன் அதனைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டியிருக்க வேண்டும். அதைப் பற்றி இன்னொரு வாசகர் விரிவாகக் கேட்டிருக்கிறார், கீழே பாருங்கள்.

கேள்வி: எஞ்சின் சூடேறியதும் அடிப்புறத்திலிருந்து மரச்சுத்தியலால் தட்டுவது போன்ற கனத்த ஓசை வருகிறது. எக்ஸிலேற்றரை விடும்போது இன்னும் அதிகம். சிக்னலில் நிற்கையில் ஒயில் விளக்கு கண்சிமிட்டுகிறது. தடிப்பான ஒயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். தினமும் கோட்டைக்கு வேலைக்குச் செல்ல வேண்டியிருப்பதால், மாதக் கடைசி வரை இப்படியே ஓட்டலாமா? (வாசகர், வத்தளை)

பதில்: கூடாது. நாளையே கூடாது. கராஜுக்குக்கூட இழுவை வாகனத்தில் ஏற்றியே அனுப்புங்கள்.

தாங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும் ஒன்றுசேரும்போது, பிஸ்டனையும் அதன் கீழே சுழலும் கிராங்கையும் இணைக்கும் தண்டின் பெயரிங் தேய்ந்துவிட்டது என்ற ஐயமே முதலில் எழுகிறது. ஒயில் குச்சியை இழுத்து அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பலாம், ஆனால் நிரப்பியதும் ஓசை நின்றுவிட்டது என்று மீண்டும் பயணம் தொடங்காதீர்கள். தடிப்பான ஒயில் தேய்ந்த இடைவெளியை மெத்தைபோல் நிரப்பி ஓசையைச் சில நாட்கள் மறைக்குமேயன்றித் தேய்வை மீட்டுத் தராது. தண்டு முறிந்து எஞ்சின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தால், இன்று பெயரிங்கோடும் கிராங்கைக் கடைவதோடும் முடியக்கூடிய செலவு முழு எஞ்சினின் விலையாகிவிடும். மெக்கானிக்கிடம் ஒயில் அழுத்தத்தைத் தனி மானி பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் இயங்கும்போது ஒவ்வொரு சிலிண்டரினதும் பெற்றோல் ஊசியின் இணைப்பைச் சில விநாடிகள் கழற்றிப் பார்க்கவும் சொல்லுங்கள். எந்தச் சிலிண்டரின் பாரம் நீங்கும்போது தட்டல் தணிகிறதோ அங்கேதான் குறை. பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய பழக்கம். அது கையில் மின்னடிப்பதோடு, எரியாத பெற்றோலைப் புகைபோக்கியில் புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டருக்கு அனுப்பி அதனையும் கெடுக்கும்.

இதே இடத்தில் மற்றவர்களை அச்சுறுத்தாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாத் தட்டலும் இத்தகையதல்ல. காலையில் முடுக்கியவுடன் கேட்டு, சூடேறச் சூடேற மறையும் மந்தமான தட்டல், பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே சற்று இடைவெளி கூடியதன் அடையாளம். அதோடு பல ஆண்டுகள் ஓடும் கார்கள் உண்டு. எஞ்சினின் மேற்புறத்தில் தையல் இயந்திரம் போல, எஞ்சின் சுழற்சியின் பாதி வேகத்தில் டிக் டிக் என்று ஒலிப்பது வால்வுகளைத் தள்ளித் திறக்கும் ரப்பெட்டாக இருக்கலாம்.

கேள்வி: என்னிடம் 2011 ஆம் ஆண்டு ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் இருக்கிறது. எஞ்சின் இழுவையில் துள்ளுகிறது என்று நான்கு பிளக்குகளையும் புதிதாக மாற்றினேன். துள்ளல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கழற்றிய பிளக்குகளின் படங்களை அனுப்புகிறேன். எல்லாவற்றிலும் வெள்ளைப் பீங்கானைச் சுற்றி மண்ணிற வளையம் உள்ளது. எஞ்சினிலிருந்து காற்றுக் கசிகிறது என்கிறார் கராஜ்காரர். ஒன்றின் பீங்கானில் நெடுக்காகப் பென்சிலால் கீறியது போன்ற கறுப்புக் கோடு இருக்கிறது. இன்னொன்றின் நுனி வெளிறி, மிளகுத்தூள் தூவியது போல் புள்ளிகளோடு காணப்படுகிறது. (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: படங்களைப் பார்க்கத் தொடங்குமுன் எண்ணிக்கையைச் சரிசெய்வோம். தங்கள் காரில் பிளக் நான்கல்ல, எட்டு. அந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள் வைத்திருக்கிறார்கள். ஒரு வரிசை எளிதில் கைக்கு எட்டும், மறு வரிசைக்குச் சற்றுப் பாடுபட வேண்டும். பாடுபட விரும்பாதவர் கையில் கார் போனால் நான்கு பிளக் புதிதாகவும் நான்கு பிளக் பழையதாகவும் திரும்பி வரும். கராஜ்காரர் ஏமாற்றினார் என்று கூற நான் விரும்பவில்லை, மறந்திருக்கலாம், அறியாதிருந்திருக்கலாம். எஞ்சிய நான்கையும் கழற்றி, எந்தச் சிலிண்டருக்கு எது என்று அட்டையில் துளையிட்டு வரிசையாகச் செருகி வைக்கச் சொல்லுங்கள். வரிசை குலைந்த பிளக்குகள் பெயரில்லாத இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் போலத்தான்.

மண்ணிற வளையத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பிளக்கின் மேல்முனையில் உயர் அழுத்த மின்சாரம் பாயும்போது, உலோக உறைக்கு அண்மையிலுள்ள காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்கள் பீங்கானில் ஒட்டிக்கொள்வதால் வரும் கறை அது. அதனைக் காற்றுக் கசிவு என்று எண்ணி நல்ல பிளக்குகளை எறிந்தவர்கள் ஏராளம். கறுப்புக் கோடு அப்படியல்ல. பொறி தட்டவேண்டிய நுனிக்குச் செல்லாமல், மின்சாரம் பீங்கானின் வெளிப்புறம் வழியாகவே உலோக உறைக்குப் பாய்ந்த தடம் அது. பிளக்கின் மீது பொருந்தும் ரப்பர்க் குழாய் வெடித்தாலோ, பிளக் குழிக்குள் மேல்மூடியின் கசிவைத் தடுக்கும் கஸ்கற் வழியாக ஒயில் கசிந்தாலோ இது நேரும். புதிய பிளக்கைப் பழைய ரப்பருக்குள் செருகினால் சில மாதங்களில் அதிலும் அதே கோடு விழும். ஆகவே அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு உயர் அழுத்த மின்சாரம் தரும் கொயிலைக் கழற்றி, ரப்பரின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்து, தேவையானால் ரப்பரையோ கொயிலையோ மாற்றுங்கள். ஸ்கானரில், எரிதல் தவறியதைக் காட்டும் பி 0301 முதல் பி 0304 வரையான குறியீடுகளில் ஒன்று இருந்தால், கடைசி இலக்கமே எந்தச் சிலிண்டர் என்று சொல்லிவிடும்.

என் கண்ணை உறுத்தியது மிளகுப்புள்ளிகள் கொண்ட பிளக்தான். ஆரோக்கியமான பிளக்கின் நுனி இளந்தவிட்டு நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ இருக்கும். இது வெளிறியிருப்பதால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. புள்ளிகள் இருப்பதால் அந்தச் சிலிண்டரில் மேலே வெள்ளவத்தை வாசகருக்கு விளக்கிய தட்டல் நிகழ்ந்திருக்கக்கூடும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: புள்ளிகள் கறுப்பாக மட்டும் இருந்தால் அதிர்வில் உதிர்ந்த கார்பன், அவற்றிடையே வெள்ளிமணி போல் மின்னும் உருண்டைகள் தென்பட்டால் அது பிஸ்டனின் அலுமினியம். பின்னதாயின், பிளக் துளை வழியாகச் சிறு கமெராவை இறக்கிப் பிஸ்டனின் தலையைப் பார்த்து, சிலிண்டரின் கொம்பிரஷன் அழுத்தத்தையும் அளந்த பிறகே புதிய பிளக்கைப் பூட்ட வேண்டும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் இவ்வாறு சூடாவதற்கு, அதன் பெற்றோல் ஊசி அடைபட்டுப் பெற்றோல் குறைவாக விழுவதும், அந்தப் பிளக் சரியாக இறுகாமல் இருந்ததும் பொதுவான காரணங்கள். பிளக் தன் சூட்டைத் திருகு வழியாகவும் வளையம் வழியாகவுமே சிலிண்டர்த் தலைக்குக் கடத்துகிறது. தளர்ந்து நின்றால் அந்த வழி அடைபட்டுவிடும்.

தாங்கள் கேட்காவிட்டாலும் ஹைபிரிட் வைத்திருப்போர் அனைவருக்குமாக ஒரு குறிப்பு: காலையில் முதன்முதலாக எஞ்சின் இயங்கும்போது மட்டும் கார் முழுவதும் தடதடவென்று ஆட்டம் கண்டு, அரை நிமிடத்தில் அடங்கி, கழற்றிய பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவித் துடைத்தாற்போல் பளிச்சென்று இருந்தால் மகிழ வேண்டாம். இரவில் ஹெட் கஸ்கற் வழியாக அந்தச் சிலிண்டருக்குள் றேடியேற்றர் நீர் கசிகிறதா என்று அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். தட்டல் என்று நினைத்துப் பிளக்கையும் கொயிலையும் மாறி மாறி வாங்கி, நீர்க் குறைவைக் கவனியாது விட்டவர்கள் உண்டு.

கேள்வி: காலையும் மாலையும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதற்கு மட்டுமே என் சிறிய காரைப் பயன்படுத்துகிறேன், தூரம் இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. பிளக்குகள் கறுத்துப்போவதாகக் கூறி, சேர்விஸின்போது ஒவ்வொரு முறையும் மட்டத்தாளால் தேய்த்துப் பூட்டித் தருகிறார்கள். இது சரியா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் அதில் படியும் புகைக்கரியைத் தானே எரித்துக்கொள்ளும். இரண்டு கிலோமீற்றர் ஓட்டத்தில் எஞ்சினே சூடாகி முடிவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணிநேரம் தடையில்லாமல் ஓடக்கூடிய பாதையில் ஓட்டுங்கள். கட்டுநாயக்க அதிவேக வீதி இதற்கு வாய்ப்பானது. அப்படியும் உலர்ந்த கரி படிந்தால் எயார் ஃபில்டரையும், எஞ்சின் வெப்பத்தைக் காக்கும் தேர்மோஸ்டற் திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கரி உலர்ந்திராமல் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் அது வேறு கதை; பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ ஒயிலை விடுகிறது.

மட்டத்தாள் வேண்டாம். சாதாரண நிக்கல் பிளக்கிலேயே அது கீறல்களையும் மணல் துகள்களையும் விட்டுவைக்கும். இரிடியம் பிளக்காயின் நடுமுனை 0.4 முதல் 0.6 மில்லிமீற்றர் தடிப்பே உள்ள ஊசி. தேய்ப்பது அதனை முறிப்பதற்குச் சமம்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த காருக்கு 92 போதுமா, 95 வேண்டுமா? ஒக்டேனைக் கூட்டும் என்று விற்கப்படும் போத்தல்களை ஊற்றலாமா? (வாசகர், தெஹிவளை)

பதில்: பெற்றோல் தாங்கியின் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் முதலில் பாருங்கள். ஜப்பானில் சாதாரணப் பெற்றோலின் ஒக்டேன் குறைந்தபட்சம் 89, உயர்தரத்தினது 96 என்று அந்நாட்டுத் தரநிர்ணயம் கூறுகிறது. அங்குள்ள சாதாரணப் பெற்றோலுக்கென்று வடிவமைக்கப்பட்ட காருக்கு நம்முடைய 92 தாராளமாகப் போதும். 95 அடிப்பதால் இழுவையும் கூடாது, எஞ்சினும் சுத்தமாகாது. ஒக்டேன் என்பது பெற்றோலின் வலுவைக் காட்டும் அளவன்று. தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்கும் தன்மையின் அளவு. உயர்தரம் கோரும் ஜப்பானிய எஞ்சின்களும், 95 என்று மூடியில் பொறித்த ஐரோப்பியக் கார்களும் வைத்திருப்போர் சிக்கனம் பார்க்கக்கூடாது.

சிறிய எஞ்சினில் டர்போவும் நேரடி ஊசிமுறையும் உள்ள கார்களில், குறைந்த சுழற்சியில் திடீரென ஒற்றை அடியாக ஒலிக்கும் வேறொரு தட்டலும் உண்டு. பிளக் பொறி தட்டுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது அது. ஒரே அடியில் பிஸ்டன் உடையலாம். அத்தகைய காருக்கு 2020 இல் அறிமுகமான, ஏபிஐ எனப்படும் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் எஸ்பி தர ஒயிலையோ, தயாரிப்பாளர் கூறும் அதற்கு நிகரானதையோ மட்டுமே ஊற்றுங்கள்.

போத்தல்களைப் பற்றி என் கருத்து கடுமையானது. தட்டலை அடக்க 1921 இல் ஈயச் சேர்மத்தைப் பெற்றோலில் கலக்கக் கண்டுபிடித்து, அதன் நஞ்சை உலகமே பல பத்தாண்டுகள் சுவாசித்து, நம் நாட்டில் 2002 இல்தான் அதிலிருந்து விடுபட்டோம். இன்றைய சில போத்தல்களில் ஈயத்துக்குப் பதிலாக இரும்போ மாங்கனீசோ இருக்கிறது. அவை பிளக்கின் பீங்கானில் செங்கல் நிறப் படிவாகத் தங்கி, சூடேறும்போது மின்சாரத்தைக் கடத்தி, பொறியை வலுவிழக்கச் செய்யும். கழற்றிய பிளக் சிவந்திருந்தால் போத்தலை நிறுத்துங்கள். அதே பணத்துக்கு 95 அடிக்கலாம்.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் ஒரே பிளக்குக்கு மூன்று கடைகளில் மூன்று விலை. போலியை எப்படி அறிவது? வேறு நிறுவனத்தின் அதே இலக்கமுள்ள பிளக்கைப் போடலாமா? நானே மாற்றலாமா? (வாசகர், மருதானை)

பதில்: இலக்கத்தை வைத்து நிறுவனம் மாறுவது ஆபத்தானது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் வெப்ப இலக்கம் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகையாகும், அதாவது சூட்டை விரைவாகக் கடத்தும். பொஷ் பிளக்கில் அதற்கு நேர்மாறு. தேவைக்கு மேல் சூடான வகையைப் பூட்டினால் நுனி 800 பாகைக்கு மேல் தணலாகிப் பொறியில்லாமலே கலவையைப் பற்றவைக்கும். கையேட்டிலுள்ள முழுக் குறியீட்டையும் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியில் இரிடியம் என்று இருப்பதெல்லாம் 100,000 கிலோமீற்றர் ஓடும் என்றும் எண்ண வேண்டாம். எதிர்முனையிலும் பிளாற்றினமோ இரிடியமோ பதித்த நீண்ட ஆயுள் வகைக்கே அது பொருந்தும்.

போலியைக் கண்ணால் மட்டும் உறுதிசெய்வது கடினம். எனினும் நான்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: நுனி இடைவெளி ஒன்றுக்கொன்று வேறுபடுவது, வளையம் விரலால் சுழற்றியதும் கழன்று வருவது, திருகின் விளிம்புகள் சொரசொரப்பாக இருப்பது, இரிடியம் என்று சொல்லப்படும் நடுமுனை ஊசியாக இல்லாமல் தடித்திருப்பது ஆகியவை ஐயத்துக்குரியவை. கீழே விழுந்த பிளக்கை வாங்காதீர்கள். இடைவெளி மூடியிருக்கலாம், உள்ளே பீங்கான் வெடித்திருக்கலாம்.

தாங்களே மாற்றலாம், எஞ்சின் நன்றாக ஆறியிருந்தால். குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, புதிய பிளக்கை ஸ்பானரின் கைப்பிடியில்லாமல் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். இடையில் பிடித்தால் பலவந்தப்படுத்தாமல் திருப்பியெடுத்து மீண்டும் தொடங்குங்கள். பின்னர் முறுக்குவிசை காட்டும் ஸ்பானரால், கையேட்டில் வேறு அளவு இல்லையெனில், 14 மில்லிமீற்றர் திருகுக்கு 25 முதல் 30, 12 மில்லிமீற்றர் திருகுக்கு 15 முதல் 20 நியூற்றன் மீற்றர் அளவுக்கு இறுக்குங்கள். திருகில் கிறீஸ் பூசினால் அதே அளவு காட்டும்போதே கூடுதலாக இறுகிவிடும். நான் இளமையில் நீண்ட குழாயொன்றை ஸ்பானரில் மாட்டி "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கி, அலுமினியத் திருகு முழுவதையும் பிளக்கோடு சேர்த்து வெளியே எடுத்திருக்கிறேன். துளையைப் பெருக்கி உருக்குச் சுருள் பதித்துத் தந்த பாஸ், கூலியை வாங்கிக்கொண்டு அந்தக் குழாயையும் கேட்டு வாங்கித் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.